பெங்களூரில் பைக் ஓட்ட வருபவர்களுக்கு: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

வேலைக்காகப் பெங்களூருக்கு வரும் தமிழ் இளைஞர்கள் பலர், மடிவாளாவிலோ பொம்மனஹள்ளியிலோ அறை எடுத்துத் தங்கிய சில வாரங்களில் ஊரிலிருந்து தங்கள் பைக்கைக் கொண்டு வந்துவிடுகிறார்கள், அல்லது இங்கேயே ஒரு பழைய பைக்கை வாங்குகிறார்கள். அடுத்த மாதச் சம்பளம் கைக்கு வந்ததும், அந்த வண்டிக்கு என்னென்ன மாட்டலாம் என்ற யோசனை தொடங்குகிறது. ஜே.சி. ரோட்டில் வரிசையாக இருக்கும் உதிரிபாகக் கடைகளில் எல்லாம் கிடைக்கும். கடைக்காரர்களில் பலர் தமிழும் பேசுவார்கள். "எல்லாரும் போட்டுட்டுத்தான் ஓட்டுறாங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று அவர்கள் சொல்வதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அபராதச் சீட்டில் எழுதப்படுவது உங்கள் வண்டியின் எண்.

இந்தக் கட்டுரை, வண்டியில் கை வைப்பதற்கு முன் புதியவர் ஒருவர் எந்த வரிசையில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும். அதே இடத்தில் கட்டி முடிக்கும் அபராதத் தொகையை மட்டும் மாநில அரசுகள் தங்களுக்கென நிர்ணயித்துக்கொள்கின்றன. ஆகவே தமிழ்நாட்டில் கட்டிய தொகையும் இங்கே கட்டும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் ஆர்.சி.யைப் படியுங்கள்

பெரும்பாலோர் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழைப் பர்ஸில் வைத்திருப்பார்களே தவிரப் படித்திருக்க மாட்டார்கள். தயாரிப்பாளர் பெயர், மாடல், என்ஜின் எண், சேஸிஸ் எண், சி.சி., எரிபொருள், நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, வெற்று எடை ஆகியவை அதில் பதிவாகியிருக்கும். சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இதுதான்: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மை மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றத்தையே அந்தப் பிரிவு 'மாற்றம்' என்று வரையறுக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சட்டம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், தயாரிப்பாளரின் மூல அளவுகளுக்கு மாறான மாற்றத்தை மாநில விதிகளைக் காட்டி நியாயப்படுத்த முடியாது என்றும், அத்தகைய மாற்றத்தைப் பதிவு செய்துகொடுக்க முடியாது என்றும் அது தீர்ப்பளித்தது. ஆனால் ஆர்.சி.யில் உள்ள மற்ற விவரங்களை முறைப்படி மாற்றிப் பதிவு செய்துகொள்ள அதே தீர்ப்பு இடம் தருகிறது. நிறம் மாற்றுவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுச் செய்யக்கூடிய காரியமாக இருப்பதும், பிரேமை அறுத்து நீட்டுவது அப்படி இல்லாமல் இருப்பதும் இதனால்தான்.

அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றத்தைச் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனிக்க வேண்டும்: சைலன்சர், விளக்கு, ஹேண்டில்பார் என மூன்றை மாற்றியிருந்தால் கணக்கும் மூன்று. சத்தம், புகை, சாலைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான தரநிலைகளை மீறினால் 190ஆம் பிரிவு தனியாகப் பாயும். முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், அத்துடன் மூன்று மாதத்துக்கு உரிமத் தகுதியிழப்பும் அதில் உண்டு. நடைமுறையில் சாலையோரத்தில் கட்டும் தொகை இவ்வளவு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் அங்கே பேசப்படுவது மேற்சொன்ன உச்சவரம்புதான்.

ஆகவே எந்தப் பொருளை வாங்கும் முன்பும் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது ஆர்.சி.யில் எழுதியிருக்கும் எதையாவது மாற்றுகிறதா? இது சத்தம், புகை, வெளிச்சம், பிரேக், நம்பர் பிளேட் ஆகிய ஐந்தில் ஒன்றைத் தொடுகிறதா? இரண்டுக்கும் இல்லை என்ற பதில் வந்தால் பெரும்பாலும் தாராளமாக மாட்டலாம். டேங்க் பேட், சீட் கவர், கைப்பிடி உறை, செல்போன் தாங்கி போன்றவை இந்த வகை. செல்போனைக் கையில் பிடிப்பது குற்றம். வழிகாட்டிக்காக மட்டும், கவனம் சிதறாதபடி அதைப் பயன்படுத்துவதை 2020இல் வந்த விதித் திருத்தம் அனுமதிக்கிறது.

சைலன்சர்

சிக்குபவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இதில்தான் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். புதிய இருசக்கர வாகனத்துக்கான சத்த வரம்பு என்ஜினின் அளவைப் பொறுத்தது: 80 சி.சி. வரை 75 டெசிபல், அதற்கு மேல் 175 சி.சி. வரை 77, அதற்கும் மேலிருந்தால் 80. இது வண்டி ஓடிக் கடக்கும்போது குறிப்பிட்ட தொலைவில் மைக் வைத்துச் சோதனைத் தளத்தில் அளக்கும் அளவு. கைபேசிச் செயலியில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று அளந்து "என்னுடையது வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று காவலரிடம் காட்டுவதில் பயனில்லை. உங்கள் மாடல் எந்தச் சைலன்சருடன் அனுமதி பெற்றதோ அதற்குப் பதில் வேறொன்று இருக்கிறது என்பதே அவர் நடவடிக்கை எடுக்கப் போதுமானது.

கடையில் இரண்டு வகை தருவார்கள். என்ஜினிலிருந்து கடைசி வரை முழுக் குழாயையும் மாற்றுவது ஒன்று. பின்பக்கக் குடுவையை மட்டும் மாற்றும் 'ஸ்லிப் ஆன்' மற்றொன்று. முழுக் குழாயை மாற்றினால், பல மாடல்களில் வளைவுக் குழாயிலேயே அமைந்திருக்கும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து போய்விடுகிறது. பி.எஸ். 6 என்ற புகைத் தரத்தில் வந்த வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் தவறான தகவல் தரும், மீட்டரில் என்ஜின் விளக்கு எரியும், அதை அணைக்க என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ.வை மாற்றி எழுதச் சொல்வார்கள், அதற்குப் பிறகு புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால் அளவு தேறாமல் போகலாம். ஒரு குழாயில் தொடங்கியது நான்கு செலவுகளில் போய் நிற்கும். குடுவையை மட்டும் மாற்றினால் புகைப் பிரச்சினை குறையலாம், சத்தப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

அப்போது கடைக்காரர் 'டி.பி. கில்லர்' என்ற சிறு குழாயை எடுத்துக் காட்டுவார். குடுவையின் வாயில் செருகி ஒரே ஒரு ஆலன் போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும் துளையிட்ட குழாய் அது. நகருக்குள் போட்டுக்கொண்டு, நந்தி மலைக்குப் போகும்போது கழற்றிவிடலாம் என்பது அவர் யோசனை. அந்தப் போல்ட்டின் தலை தேய்ந்திருப்பதைப் பார்த்தே போக்குவரத்துக் காவலர் கதையை ஊகித்துவிடுவார். குடுவையில் பொறித்திருக்கும் 'இ' முத்திரையும் உதவாது; அது ஐரோப்பிய அனுமதி. உங்கள் மாடலுக்கு இந்தியச் சோதனை நிறுவனம் சான்றளித்த சைலன்சரே இங்கே செல்லும்.

அந்தச் சத்தம் பிடிக்கும் என்பவர்களிடம் நான் வாதிடப் போவதில்லை. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தெருவை ஒட்டியே படுக்கையறை ஜன்னல்கள் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

விளக்குகள்

சைலன்சரைப் போல இது வெளியே தெரியும் குற்றமாகப் பலருக்குத் தோன்றுவதில்லை. நல்ல வெளிச்சம் பாதுகாப்புதானே என்று கேட்பார்கள். யாருடைய பாதுகாப்பு என்பதுதான் கேள்வி. ஹாலஜன் பல்பில் இழை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தைக் கணக்கிட்டே பின்னாலுள்ள பிரதிபலிப்பான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதே குடையில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் புள்ளி நகர்ந்துவிடும். லோ பீமில் வைத்திருந்தாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் விழும், சாலையிலோ நடுவில் இருட்டுத் திட்டு நிற்கும். ஓட்டுபவருக்கு முன்னைவிடப் பளிச்சென்று தெரிவதால் இந்தக் குறை அவருக்குப் புலப்படாது. ஒரு சுவருக்கு எதிரே சில அடி தள்ளி வண்டியை நிறுத்தி லோ பீமைப் போட்டுப் பாருங்கள். கம்பெனிப் பல்பில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு போட்டாற்போல் வெட்டப்பட்டிருக்கும்; மாற்றுப் பல்பில் அந்தக் கோடு கலைந்திருக்கும். அதிக வாட் ஹாலஜன் போடுவதும் தீர்வல்ல. வயரும் சுவிட்சும் அந்த மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல, பிரதிபலிப்பான் கருகிவிடும்.

முன்புறம் தேடுவிளக்கு வகை விளக்குகளைப் பதிவு அதிகாரியின் முன் அனுமதியில்லாமல் பொருத்துவதை 111ஆம் விதி தடுக்கிறது. லடாக் பயணக் காணொளிகளைப் பார்த்துவிட்டு எம்.ஜி. ரோட்டில் நான்கு எல்.இ.டி. விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதன் கீழ்தான். தயாரிப்பாளரே உங்கள் மாடலுக்கென்று விற்கும் துணை விளக்கைத் தனிச் சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் ஆகியவற்றோடு டீலரிடம் பொருத்திக்கொண்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது, ஜே.சி. ரோட்டில் வாங்கி மாட்டுவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. அதையும் நகருக்குள் அணைத்தே வைத்திருங்கள்.

நிறங்களைப் பொறுத்தவரை விதி எளிமையானது. முன்புறம் சிவப்பு காட்டக் கூடாது. நம்பர் பிளேட் விளக்கும் இண்டிகேட்டரும் போன்றவை நீங்கலாகப் பின்புறம் சிவப்பைத் தவிர வேறு காட்டக் கூடாது. போலீஸ் வண்டியைப் போல நீலமும் சிவப்பும் மாறிமாறி மின்னும் துண்டு விளக்குகளைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. பின்விளக்கின்மேல் கறுப்புப் படலம் ஒட்டுவது பிரேக் வெளிச்சத்தை மறைத்துவிடும்; மழைக்கால மாலையில் சில்க் போர்டு நெரிசலில் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்காமல் போவதற்கு அதுவே போதும்.

இண்டிகேட்டர் ஆம்பர் நிறத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60க்குக் குறையாமலும் 120ஐத் தாண்டாமலும் மின்ன வேண்டும். மெலிந்த எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டியதும் அது படபடவென்று வேகமாக அடிப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். எல்.இ.டி. குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால், பல்பு ஒன்று ஃப்யூஸ் போய்விட்டது என்று அதை மின்னச் செய்யும் பழைய ஃபிளாஷர் ரிலே எடுத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு உரிய ரிலேயை மாற்றினால் சரியாகிவிடும்.

2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரியும்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரி வீணாகிறது என்று அதற்கு ஒரு சுவிட்ச் போட்டுத் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் தந்த பாதுகாப்பு ஏற்பாட்டை நீக்குவதாகவே அது கொள்ளப்படும்.

நம்பர் பிளேட், ஹாரன்

2019 ஏப்ரல் 1 முதல் விற்கப்பட்ட வண்டிகள் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வருகின்றன. அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் கர்நாடக அரசு 2023இல் இதைக் கட்டாயமாக்கி அறிவிப்பு வெளியிட்டது. அலுமினியத் தகடு, இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரால் பொறித்த பத்து இலக்க எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டு ஆகியவற்றை வைத்து அதை அடையாளம் காணலாம். கடையில் இதேபோல் அச்சடித்துத் தரும் தகடுகள் போலியானவை. அரசு அங்கீகரித்த தளத்தில் வண்டி விவரங்களைத் தந்து பதிவு செய்து, டீலரிடம் பொருத்திக்கொள்வதே முறை.

பிளேட்டில் பதிவெண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. குலதெய்வத்தின் பெயர், நடிகர் படம், கட்சிக் கொடி, 'பிரஸ்' எல்லாம் வண்டியின் வேறு இடத்துக்குப் போகட்டும். தமிழ் எண்களில் பதிவெண்ணை எழுதிக்கொண்டு வருபவர்களின் ஆர்வம் புரிகிறது, ஆனால் எழுத்துகள் ஆங்கிலத்திலும் எண்கள் உலகெங்கும் வழங்கும் 1, 2, 3 வடிவத்திலும் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பழைய வகைப் பிளேட்டில் பின்புற எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. உயரம் இருந்தாக வேண்டும். பின் மட்கார்டை வெட்டியெறிந்து சீட்டுக்கு அடியில் பிளேட்டைச் சாய்த்துச் செருகும் 'டெயில் டைடி' ஒரே கல்லில் நான்கு தவறுகளைச் செய்கிறது: எண் படிக்க முடியாமல் போகிறது, எண்ணுக்கான விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் காணாமல் போகின்றன, பின்னால் வருபவரின் முகத்தில் சேறு அடிக்கிறது. நகரின் முக்கியச் சந்திப்புகளில் எண்ணைப் படிக்கும் கேமராக்கள் இருப்பதால், எண் தெரியாத வண்டி இப்போது காவலரின் கண்ணில் தனியாகவே படுகிறது.

ஹாரன் பற்றி இரண்டு வரி போதும். பல சுரங்களில் மாறிமாறி ஒலிப்பதும், காதைக் கிழிக்கும் கூச்சலிடுவதும் 119ஆம் விதியின்படி தடை. ஆம்புலன்ஸ் ஒலிக்கும் குழந்தை அழுகுரலுக்கும் அதே கதிதான்.

டயர், பிரேக், இருக்கை, பெட்டி

அகலமான பின் டயர் போடுவது பெங்களூரில் மிகவும் பரவலான ஆசை. கம்பெனி சொன்ன அளவிலிருந்து ஒரு படி ஏற்றுவதற்குள்ளேயே செயின் கார்டில் உராய்வதும், ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டுவதும், வளைவில் வண்டி மந்தமாவதும் தொடங்கிவிடும். உரிமையாளர் கையேட்டில் மாற்று அளவு கொடுத்திருந்தால் அதற்குள் நில்லுங்கள். டயரின் பள்ளம் இருசக்கர வாகனத்துக்கு 0.8 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது; பள்ளங்களுக்கு நடுவே தெரியும் சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமானதும் மாற்றிவிடுவது நல்லது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும், அதற்குக் கீழே இரு சக்கரங்களிலும் சேர்ந்து பிடிக்கும் இணைந்த பிரேக்கும் கட்டாயம். மண்பாதையில் ஓட்டுவதற்காக ஏ.பி.எஸ். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு அப்படியே நகருக்குள் திரும்பி வருவதும் அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கழற்றியதாகத்தான் ஆகும்.

பின்னால் ஆள் ஏறும் வண்டியில் பிடிமானம், இருபுறக் கால்மிதி, பின்சக்கரத்தை மூடும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது 123ஆம் விதி. அழகு கெடுகிறது என்று சாரி கார்டைக் கழற்றி வீட்டில் போட்டிருப்பவர்கள், ஊரிலிருந்து அம்மா வந்து பின்சீட்டில் புடவையோடு உட்காரும் நாளை நினைத்து அதைத் திரும்ப மாட்டிவிடலாம். ஒற்றை இருக்கையாக மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள இருக்கைக் கணக்கு பொய்யாகிவிடும். ஒன்பது மாதத்துக்கு மேல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

உணவு விநியோக வேலைக்கு வருபவர்கள் பின்னால் பெட்டி கட்டுவார்கள். பெட்டியின் நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அது பின்சீட்டின் மேலேயே அமர்ந்திருந்தால், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. பெட்டியில் பொருள் நிறைந்திருக்கும்போது பின்விளக்கும் இண்டிகேட்டரும் மறைகின்றனவா என்று இறங்கிப் பின்னால் நின்று ஒருமுறை பாருங்கள்.

கிராஷ் கார்டு பற்றித்தான் குழப்பம் அதிகம். வண்டியின் முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புகள் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அது பெரிதும் கார்களின் 'புல் பார்' குறித்த நடவடிக்கை. பைக்கைப் பொறுத்தவரை, தயாரிப்பாளரின் துணைக்கருவிப் பட்டியலில் உள்ள என்ஜின் கார்டை டீலரிடம் மாட்டுவது நல்லது. பக்கவாட்டில் அரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகளை வெல்டிங் கடையில் செய்துகொண்டால் அவை நெரிசலில் பக்கத்து வண்டிக்காரரின் முழங்காலைத்தான் முதலில் சந்திக்கும்.

பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இருக்கட்டும்.

ஹெல்மெட்

ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது பெங்களூரில் கண்டிப்பாகவே பார்க்கப்படுகிறது. சட்டம் கேட்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 4151 தரம். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையில்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்பதே தடை செய்யப்பட்டிருக்கிறது. மண்டையின் மேல்பகுதியை மட்டும் மூடும் தொப்பி வகைகள் கட்டுமானப் பணிக்கானவை, அவை இந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டு 'ஈ.சி.ஈ.' முத்திரை மட்டும் கொண்ட விலையுயர்ந்த ஹெல்மெட் தரத்தில் குறைந்ததல்ல என்றாலும், சட்டத்தின் எழுத்துப்படி ஐ.எஸ்.ஐ.யும் இருக்க வேண்டும். இரண்டு முத்திரையும் கொண்டவை இப்போது எளிதாகக் கிடைப்பதால் அதையே வாங்குங்கள். சாலையோரத்தில் விற்கும் ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் இருக்கும், அதன்கீழ் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அந்த எண்ணை அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுத் தயாரிப்பாளர் பெயர் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தாடைப் பட்டை மாட்டாத ஹெல்மெட்டும் சட்டப்படி போடாத ஹெல்மெட்தான்.

அனுமதி பெற்றுச் செய்யக்கூடியவை

நிறம் மாற்றுவதும், அதே தயாரிப்பாளரின் அதே வகை என்ஜினைப் போடுவதும் ஆர்.டி.ஓ. வழியாகச் செய்யக்கூடியவை. வண்டி முழுவதையும் வேறு நிற வினைல் படலத்தால் மூடினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு நிறம் மாறியதாகத்தான் பொருள். அரசின் பரிவாஹன் தளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் இருக்கிறது. முதலில் அனுமதி, பிறகு வேலை, அதன்பின் ஆய்வாளர் வண்டியைப் பார்த்து ஆர்.சி.யில் ஏற்றுவது என்பதே சரியான வரிசை. அனுமதிக்கு முன்பே செய்யப்பட்ட மாற்றமாக இருந்தால் பதினான்கு நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. வண்டி கடனில் இருந்தால் கடன் தந்த நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். துணை விளக்கு போன்ற மின்சாதனங்களுக்குக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் இழப்பீடு உண்டு. சொல்லாமல் செய்த மாற்றத்தால், குறிப்பாக வயரிங்கை வெட்டி ஒட்டியதால், தீப்பிடித்தது என்று சர்வேயர் எழுதிவிட்டால் சொந்தச் சேதத்துக்கான தொகை மறுக்கப்படலாம். கம்பெனி வாரண்டியும் அதே காரணத்தால் போகலாம்.

சாலையில் நிறுத்தினால்

வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள். டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹன் செயலியிலோ உள்ள ஆர்.சி., உரிமம், இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவை சட்டப்படி செல்லும். கைபேசியில் தயாராக வைத்திருங்கள். தயாரிப்பாளரின் துணைக்கருவியாக இருந்தால் டீலர் ரசீதைக் காட்டுங்கள். கன்னடம் தெரியாவிட்டாலும் "சார்" என்று பணிவாகத் தொடங்கித் தமிழிலோ உடைந்த கன்னடத்திலோ பேசினால் பெரும்பாலான காவலர்கள் புரிந்துகொள்வார்கள். குரலை உயர்த்தியவுடன்தான் கதை நீளும். ரசீது இல்லாமல் எந்தத் தொகையும் கொடுக்க வேண்டாம். குற்றச்சாட்டு தவறு என்று கருதினால் அங்கே கட்டாமல் நீதிமன்றத்தில் சந்திப்பதாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேமரா மூலம் பதிவான வழக்குகள் உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்துகொண்டிருக்கும் என்பதால், பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் தளத்தில் வண்டி எண்ணை இட்டு மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ளவர்கள்

வேறு மாநில வண்டி ஒரு மாநிலத்தில் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்தால் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது 47ஆம் பிரிவு. ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று பெற்று, இங்கே நீங்கள் வசிக்கும் பகுதியின் அலுவலகத்தில் படிவம் 27 தாக்கல் செய்து, கர்நாடகச் சாலை வரி கட்ட வேண்டும். கோரமங்களா என்றால் கே.ஏ. 01, ஜெயநகர் 05, எலெக்ட்ரானிக் சிட்டி 51, கே.ஆர். புரம் 53. வரி கட்டிய ரசீதைக் காட்டி, தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம்.

இந்தக் கட்டத்தில்தான், சாலையில் ஒரு வருடமாக யாரும் நிறுத்தாத மாற்றங்கள் வெளியே வரும். ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்; நிறத்தை ஆர்.சி.யோடு ஒப்பிடுவார், சைலன்சரையும் விளக்கையும் பார்ப்பார். பொருந்தாவிட்டால் பழையபடி ஆக்கிக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொல்வார். பழைய பைக்கை வாங்கியவர்களுக்கும் இதேதான். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கு இப்போது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பதில் சொல்ல வேண்டும். ஆகவே வாங்கும்போதே "கம்பெனி சைலன்சரும் பழைய மட்கார்டும் எங்கே அண்ணா?" என்று கேட்டு, அவற்றையும் சேர்த்து வாங்கி வாருங்கள். புதிய கம்பெனி சைலன்சர், குறிப்பாகப் பி.எஸ். 6 மாடலுக்குரியது, கழற்றி எடைக்குப் போட்டதற்குக் கிடைத்த பணத்தைப்போல் பல மடங்கு விலையாகும், சில மாடல்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். புதிய கே.ஏ. எண் கிடைத்த பிறகு அதற்குரிய உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டையும் புதிதாக வாங்கிப் பொருத்தி, இன்சூரன்ஸ் பாலிசியில் எண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும்.